மொட்டைக் கடிதத்தில் ஒரு புள்ளி

ஹெஸல் பிராண்ட்ஸ்மா மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல் விப்கேயின் பட்டறைக்குள் நுழைந்து, மேசைமேல் ஒரு காகிதத்தை வைத்தார்.

"விப்கே, எங்க ஆய்வகக் கம்ப்யூட்டரை நீங்க குடைஞ்சு பாக்கணும். அங்க வேலை பாக்கிற யுட்டா எங்க செய்முறையை யாருக்கு அனுப்பினாள்னு தெரியணும். நாளைக்கு அவளை வேலையை விட்டு நிறுத்தப் போறேன். கையில அத்தாட்சி இல்லாம நிறுத்த முடியாது."

நெதர்லாந்தின் ஹார்லிங்கன் துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் அதிமதுர மிட்டாய்த் தொழிற்சாலை அவருடையது. விப்கே டெர்ப்ஸ்ட்ராவின் தொழில், தராசு, வெப்பமானி, ஈரப்பத சென்சார் என்று அளக்கிற கருவிகளைக் கம்ப்யூட்டரோடு பேச வைப்பது. அந்தத் தொழிற்சாலையின் ஆய்வகத்துக்குக் கம்பி இழுத்ததும் அவள்தான்.

மூலையில் காப்பி போட்டுக்கொண்டிருந்த யெல்லே நிமிர்ந்தார். விப்கேயின் கணவனுக்கு அண்ணன். முப்பத்திரண்டு வருடம் போலீசில் இருந்து, பெரும்பாலும் சைக்கிள் திருடர்களையே பிடித்து ஓய்வு பெற்றவர். இப்போது அவளுடைய வேனை ஓட்டுகிறார். என்றாவது ஒரு பெரிய வழக்கு வரும் என்ற நம்பிக்கை அவரை விட்டுப் போகவில்லை.

"மொட்டைக் கடிதமா? யாரும் தொடாதீங்க! கைரேகை இருக்கும்" என்று ஓடி வந்தார்.

"நான் மூணு நாளா பாக்கெட்ல வெச்சிருக்கேன்" என்றார் ஹெஸல்.

"அப்ப உங்க கைரேகைதான் இருக்கும்" என்று யெல்லே சோர்ந்துபோனார்.

விப்கே கடிதத்தைப் படித்தாள். அச்சிட்ட இரண்டே வரிகள்.

யுட்டா நம் மிட்டாயின் செய்முறையை 31.07
வெளியே கொடுக்கிறாள். இனியும் அவளை நம்பாதீர்கள்.

"ஜூலை முப்பத்தொண்ணு அவ லீவு. எங்க போனேன்னு கேட்டேன், முகம் சிவந்துபோச்சு. சொல்லவே மாட்டேங்கிறா. இதைவிட வேற என்ன வேணும்?" என்றார் ஹெஸல்.

விப்கே அந்த முதல் வரியிலேயே நெடுநேரம் நின்றாள். "திங்கட்கிழமை நான் உங்க காய்ச்சும் கூடத்துக்கு வர்றதா இருந்ததே?"

"பானைகள்ல வெப்பமானி மாட்டி கம்ப்யூட்டர்ல இணைக்கிற வேலைதானே? அது யுட்டாவோட யோசனை. சில பெட்டிங்க பிசுபிசுன்னு இருக்குன்னு கடைக்காரங்க சொல்றாங்க, ஏன்னு கண்டுபிடிக்கணும்னு சொன்னா. அவளே போறா, அதையும் நிறுத்திடலாம்."

"நிறுத்த வேண்டாம். இன்னைக்கே ஆய்வகத்தைப் பாத்துடறேன். அங்க யார் யார் போவாங்க?"

"சாவி மூணு பேர்கிட்டதான். நான், அலுவலகத்து ஃபெம்மி, காய்ச்சும் கூடத் தலைவர் ரெயின்டர். யுட்டா சாவியைத் திருப்பி வாங்கிட்டேன்."

வேனில் போகும்போது யெல்லேயால் சும்மா இருக்க முடியவில்லை. "அந்த ஃபெம்மியா இருக்கும். இனிக்க இனிக்கப் பேசுறவங்களை நான் நம்பறதே இல்லை."

"நீங்க ரோட்டைப் பாருங்க" என்றாள் விப்கே.

ஆய்வகத்தில் ஒரு சின்ன எலக்ட்ரானிக் தராசும், பக்கத்தில் கம்ப்யூட்டரும் அச்சு இயந்திரமும் இருந்தன. யெல்லே தன் சாவிக்கொத்தைத் தராசின் தட்டில் போட்டுவிட்டு மேசைக்கு அடியில் குனிந்து தடயம் தேடினார். தராசு 'பீப்' என்றது. விப்கே திரையைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, எல்லோரையும் அழைக்கச் சொன்னாள். யுட்டாவையும் வீட்டிலிருந்து வரவழைக்கச் சொன்னாள்.

அரை மணி நேரத்தில் கூடிவிட்டார்கள். ஃபெம்மி காப்பியும் ஆளுக்கு ஒரே ஒரு பிஸ்கட்டும் கொடுத்தாள். ரெயின்டர் ஏப்ரனோடு வந்தார். நெடிய மனிதர், கனத்த கண்ணாடி. யுட்டா கதவோரமாக, கோட்டுப் பொத்தானைத் திருகியபடி நின்றாள்.

"ஹெஸல், நாம தேதியை எப்படி எழுதுவோம்?" என்று விப்கே ஆரம்பித்தாள்.

"நடுவுல கோடு போட்டு."

"எண்ணுல பின்னம் வந்தா?"

"காற்புள்ளி. பள்ளிக்கூடப் பிள்ளைக்கே தெரியுமே."

"அப்ப இந்தப் புள்ளி எங்கேருந்து வந்தது? இந்த ஊர்ல புள்ளி வெச்சு எண் எழுதற ஆள் ஒண்ணே ஒண்ணுதான்." அவள் தராசைத் தட்டினாள். "இதை நான்தான் இணைச்சேன். இதுக்குத் தனியா நிரல் கிடையாது. தட்டுல வெச்ச பொருள் ஆடாம நின்னதும், விசைப்பலகை மாதிரியே எடையைத் தானா அடிச்சிடும். கர்சர் எங்க நிக்குதோ அங்க அடிச்சிட்டு அடுத்த வரிக்குப் போயிடும். அதான் வாக்கியத்து நடுவுல வரி உடைஞ்சிருக்கு. இது தேதி இல்லை. முப்பத்தொரு கிராம் சொச்சம்."

யெல்லே தன் சாவிக்கொத்தைப் பார்த்தார். பிறகு திரையில் 94.52 என்று பளிச்சிட்டதைப் பார்த்தார். "அட கடவுளே!" என்று கொத்தைத் தட்டிலிருந்து எடுத்துக்கொண்டார்.

"இங்க உக்காந்து கடிதம் அடிச்சவர் பாதியில தட்டுல எதையோ கழட்டி வெச்சிருக்கார். திரையில எண் விழுந்ததையும் அவர் கவனிக்கலை. கிட்டப்பார்வைக்காரங்க விசையைத் தேடித் தேடி அடிக்கணும்னா என்ன பண்ணுவாங்க? கண்ணாடியைக் கழட்டிட்டுக் குனிஞ்சுக்குவாங்க. அப்புறம் திரை மங்கலாத்தான் தெரியும்."

சாவி வைத்திருந்த மூன்று பேரும் கண்ணாடி அணிந்திருந்தார்கள்.

"நான் முதல்ல" என்று ஃபெம்மி முந்திக்கொண்டாள். 22.84. ஹெஸல் வைத்தார். 27.36.

ரெயின்டர் நிதானமாகக் கழற்றி வைத்தார். யெல்லே மூச்சைப் பிடித்துக்கொண்டார். 31.11.

"போச்சு! புள்ளி பூஜ்யம் நாலு வித்தியாசம்" என்று முனகினார் யெல்லே.

"பாத்தீங்களா?" என்று ரெயின்டர் கை நீட்டினார்.

"ஒரு நிமிஷம்." விப்கே பையிலிருந்து மெல்லிய துணியை எடுத்து, தண்ணீரில் நனைத்து, கண்ணாடியையும் அதன் சட்டத்தையும் பொறுமையாகத் துடைத்தாள். துணியில் பழுப்புப் பிசுக்கு ஒட்டியது. "காய்ச்சும் கூடத்திலிருந்து நேரா வந்திருக்கீங்க. சாப்பாட்டு வேளையில கடிதம் அடிக்க வந்தப்ப முகத்தையும் கண்ணாடியையும் கழுவிட்டு வந்திருப்பீங்க." ஈரம் காயக் காத்திருந்து, மறுபடி தட்டில் வைத்தாள்.

பீப். 31.07.

கண்ணாடி இல்லாத ரெயின்டரின் முகம் சட்டென்று வயதானது போலிருந்தது.

"வெப்பமானியை இணைச்சா யாருக்குக் கஷ்டம்னுதான் நான் முதல்ல யோசிச்சேன். பானைகிட்ட இருக்கறவருக்குத்தான். பிசுபிசுக்கிற பெட்டிங்க எல்லாம் என்னைக்குக் காய்ச்சினது, ரெயின்டர்?"

"வெள்ளிக்கிழமை" என்றார் அவர் தரையைப் பார்த்து. "காத்து நல்லா அடிச்சா படகை எடுத்துட்டுப் போயிடுவேன். பானையை இருபது நிமிஷம் முன்னாடியே இறக்கிடுவேன். சென்சார் வந்தா எல்லாம் கோடு போட்டுக் காட்டிடும். யோசனை அவளோடது. அவ போயிட்டா அதுவும் போயிடும்னு நெனச்சேன். தேதி கீதி எதுவும் நான் எழுதலை, அச்சானதைப் படிச்சும் பாக்கலை. அன்னைக்கு அவ லீவுன்னுகூட எனக்குத் தெரியாது."

"யோவ், என்கிட்ட கேட்டிருக்கலாமே!" யுட்டாவின் குரல் முதல் தடவையாக எழுந்தது. "வெள்ளிக்கிழமை அடுப்பை அரை மணி முன்னாடி பத்த வெச்சிருந்தா நீயும் போயிருக்கலாம், மிட்டாயும் இறுகியிருக்கும். அதுக்கு என் பொழப்புல மண்ணள்ளிப் போடுவியா?"

ரெயின்டர் தட்டிலிருந்த கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"அப்ப அந்த முப்பத்தொண்ணாம் தேதி நீ எங்கதான் போனே?" என்றார் ஹெஸல்.

யுட்டாவின் முகம் மறுபடி சிவந்தது. "கார் ஓட்டுற பரீட்சைக்கு. அஞ்சாவது தடவை. வாத்துக் கூட்டத்துக்கு வழி விடறேன்னு வாய்க்கால்ல ஒரு சக்கரத்தை இறக்கிட்டேன். போதுமா?"

முதலில் சிரித்தது ஃபெம்மி. பிறகு யெல்லே. கடைசியில் யுட்டாவே சிரித்துவிட்டாள்.

ஹெஸல் அவளிடம் சாவியை நீட்டினார். "மன்னிச்சிடு. திங்கட்கிழமை வந்துடு."

அவள் வாங்கவில்லை. "மூணு நாளா இந்தத் தொழிற்சாலை முழுக்க என்னைத் திருடின்னு பேசுது. மன்னிப்பை இந்த நாலு சுவத்துக்குள்ள வெச்சுக் கேட்டா எப்படி?"

ஹெஸல் சரியென்று தலையசைத்தார். ரெயின்டரைப் பனிக்காலம் முடியும்வரை பொட்டலம் கட்டும் பிரிவுக்கு மாற்றினார். பிறகு எல்லோரும் சாப்பாட்டுக் கூடத்துக்கு நடந்தார்கள்.

அங்கே அறுபது பேர் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் மோரும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஹெஸல் ஒரு பெஞ்சின் மேல் ஏறினார். காது வரை சிவந்து, "யுட்டா எந்தத் தப்பும் பண்ணலை. நான்தான் தப்புப் பண்ணிட்டேன்" என்றார், தன் காலணிகளிடம் சொல்வதுபோல.

"பின்னால கேக்கலை!" என்று யுட்டா குரல் கொடுத்தாள்.

அவர் மறுபடி சொன்னார். கடைசி மேசையில் ஒருவர் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டார். மூன்றாவது தடவை ஹெஸல் தொண்டை கிழியக் கத்தினார். கூடமே கோப்பைகளால் மேசையைத் தட்டியது. யுட்டா போய் அவர் கையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு, ஒரு காலி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"மோர் இருக்கா?" என்று கேட்டாள்.