விருந்தாளி வந்தால் நிற்கும் பெட்டி

மணவாள நகரில் ஷேக் தாவூதின் ஆபீஸுக்குப் படியேறி வந்த அந்த மனிதர், கையில் கொண்டுவந்த பெட்டியைக் கீழே வைக்க மறுத்துவிட்டார். காய்ச்சல் கண்ட பிள்ளையை டாக்டரிடம் கொண்டுவந்தவர் மாதிரி அதை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். செல்விக்கு அவரைப் பார்த்த மாத்திரத்தில் பிடித்துப்போயிற்று. ஆபீஸுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் வரப்போகும் மாப்பிள்ளையின் யோக்கியதையை விசாரிக்கச் சொல்வார்கள், மீதிப் பேர் பைக்கைத் தொலைத்திருப்பார்கள். பெட்டியோடு வந்தவர் இவர் ஒருவர்தான்.

ஷேக் தாவூத் பழவேற்காட்டில் கருவாட்டு வியாபாரக் குடும்பத்தில் பிறந்து, அந்த வாசனைக்குத் தப்பி இன்சூரன்ஸ் கம்பெனியில் சேர்ந்தவர். எரிந்துபோன குடோன்களைப் பார்த்து, தீ தானாகப் பிடித்ததா, யாராவது வைத்ததா என்று சொல்வதுதான் அவருடைய வேலையாக இருந்தது. அதை விட்டுவிட்டு இப்போது சொந்தமாக விசாரணை செய்கிறார். அவருக்கு உதவியாக இருக்கும் செல்வி முன்பு எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தவள். செல்போன் வந்து பூத்துக்குப் பூட்டுப் போட்டது. ஊரார் பேச்சையெல்லாம் கேட்டு வளர்ந்த சந்தேக புத்தியை மட்டும் யாராலும் பூட்ட முடியவில்லை. எந்த வழக்கிலும் குற்றவாளியைக் கண்டுபிடிக்க அவளுக்கு ஐந்து நிமிஷம் போதும். அது பெரும்பாலும் தப்பாக இருக்கும் என்பது ஒன்றுதான் குறை.

வந்தவர் பெயர் ஆதிநாராயணன். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் சின்னதாக ஒரு மின்னணுக் கம்பெனி நடத்துகிறார். வயல் மோட்டாரைத் தானாக இயக்கும் பெட்டி ஒன்றை அவர்கள் செய்திருந்தார்கள். மும்முனை மின்சாரம் எந்த நேரத்தில் வந்தாலும் அதுவே மோட்டாரைப் போட்டுவிடும், கிணறு வற்றினால் நிறுத்திவிடும். அதன் மூளை ஒரு சிப். கம்பெனியிலேயே வடிவமைத்து, தைவானில் செய்து வாங்கியது. வடிவமைத்தவள் நர்மதா என்ற பெண். ஆரம்பாக்கத்தில் நெல் வயல் வைத்திருக்கிற குடும்பம், தினமும் ரயிலில் வந்து போகிறாள்.

"பெட்டி நல்லாத்தான் ஓடுது பாய்," என்றார் ஆதிநாராயணன். "கழனியில வச்ச பெட்டிங்க ஒண்ணுகூட நின்னதில்ல. ஆனா எங்க கம்பெனிக்கு யாராவது பெரிய மனுசன் வந்தா போதும், அவுரு கண்ணு முன்னால நின்னுடுது. ஒரே பேஜாரு."

தொடக்க விழாவுக்கு ஊராட்சித் தலைவர் வந்தார், பெட்டி நின்றது. பேங்க் மேனேஜர் வந்தார், நின்றது. நெல்லூர் வியாபாரி வந்தார், நின்றது. நடுவில் மின்வாரிய இன்ஜினியர் வந்தபோது மட்டும் ஜம்மென்று ஓடியது. அன்றைக்கு நர்மதா லீவு. அவளுக்குப் பெங்களூரில் பெரிய கம்பெனி ஒன்று வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறது. போகிற போக்கில் சிப்புக்குள்ளே ஏதோ சூது வைத்துவிட்டுப் போகப் பார்க்கிறாள் என்பது விற்பனை மேலாளர் விமலின் கட்சி. ஆதிநாராயணனும் அரை மனதாக அதை நம்பி, நாளையிலிருந்து வர வேண்டாம் என்று இன்று காலையில்தான் அவளிடம் சொல்லிவிட்டு வந்திருந்தார். சொன்னதிலிருந்து சோறு இறங்கவில்லையாம்.

இன்றைக்குச் சாயங்காலம் சூளூர்பேட்டையிலிருந்து விவசாயச் சங்கத் தலைவர் வருகிறார். சங்கத்தில் இருக்கும் அத்தனை பேருக்கும் பெட்டி வாங்கப்போகிறார். இன்றும் நின்றுவிட்டால் கம்பெனியை மூடவேண்டியதுதான், அந்தப் பெண்ணின் பேரும் கெட்டுப்போகும். எங்கே போனாலும் முதலாளியை ஏமாற்றியவள் என்ற பேச்சு அவள் பின்னாலேயே போகும்.

ஷேக் தாவூத் அப்போதுதான் பெட்டியைப் பார்த்தார். மேல்மூடி கண்ணாடி மாதிரி தெளிந்த பிளாஸ்டிக். உள்ளே பச்சைப் பலகை தெரிந்தது, நடுவில் எள்ளைவிடச் சற்றுப் பெரிதாக ஒன்று மினுங்கியது. "கழனியில வச்சதுக்கும் இதே மூடிதானா?" என்று மட்டும் கேட்டார். இல்லை, அதெல்லாம் தகரப் பெட்டி, வருகிறவர்கள் அந்தச் சின்னச் சிப்பைப் பார்த்து வாயைப் பிளக்கட்டும் என்று விமல்தான் காட்சிப் பெட்டிக்கு இந்த மூடியைப் போடச் சொன்னான் என்றார் ஆதிநாராயணன்.

அவர் காரிலேயே கும்மிடிப்பூண்டிக்குக் கிளம்பினார்கள். செல்வி வழியிலேயே வழக்கை முடித்துவிட்டாள். விமலின் சட்டைப் பையில் ரிமோட் இருக்கிறது, அந்தப் பெண் மேல் பழியைப் போட அவனே அமுக்குகிறான் என்றாள். ஷேக் தாவூத் ஜன்னல் வழியாகத் தடா பக்கம் போகும் லாரிகளைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

கம்பெனியில் நுழைந்ததும் வரவேற்பறைச் சுவரில் சட்டம் போட்ட மூன்று போட்டோக்கள். ஒவ்வொன்றிலும் பொன்னாடை போர்த்திய விருந்தாளி, பக்கத்தில் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் ஆதிநாராயணன், முன்னால் மேஜைமேல் பெட்டி, அதில் பச்சை விளக்கு. "பாருங்க, போட்டோ எடுக்கறப்போகூட ஓடிக்கினுதான் இருந்துது," என்று விமல் விரலால் தொட்டுக் காட்டினான். "எடுத்து முடிச்சுட்டுத் திரும்பிப் பாத்தா, நின்னுபோச்சு."

மின்வாரிய இன்ஜினியருடைய போட்டோ எங்கே என்று ஷேக் தாவூத் கேட்டார். அவர் பொன்னாடை, போட்டோ எதுவும் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். அவர் ஒத்துக்கொண்டிருந்தாலும் எடுக்க ஆள் கிடைத்திருக்காது, நல்ல முகூர்த்த நாள், பஜாரில் ஸ்டூடியோ வைத்திருக்கும் முனுசாமி ஏதோ கல்யாணத்துக்குப் போய்விட்டார் என்றான் விமல். செல்வி இதற்குள் அவனுடைய சட்டைப் பையை இரண்டு முறை நோட்டம் விட்டிருந்தாள். ஒரு பேனாவும் வெற்றிலைப் பாக்கு மடிப்பும்தான் இருந்தன.

நர்மதா ஒல்லியான பெண், கண் சிவந்திருந்தது. அழுதாளா, தூங்கவில்லையா என்று செல்வியால் சொல்ல முடியவில்லை. கேட்ட கேள்விகளுக்குச் சுருக்கமாகப் பதில் சொன்னாள். சிப்பை வரைவதைவிடச் சரிபார்ப்பதுதான் பெரிய வேலை என்றாள். தைவானில் அச்சு போட்டபிறகு ஒரு கோடுகூடத் திருத்த முடியாது, தப்பு இருந்தால் முதலிலிருந்து தொடங்கவேண்டும். அதனால் வெயில், குளிர், இடி, மின்சாரம் ஏறி இறங்குவது என்று எல்லாவற்றுக்கும் சோதித்திருந்தாள். பெங்களூர் வேலையை வேண்டாம் என்று போன மாதமே சொல்லிவிட்டதாகவும் சொன்னாள். அதை முதலாளியிடம் ஏன் சொல்லவில்லை என்று செல்வி கேட்டாள். "அவுரு கேக்கவே இல்லியே," என்றாள் நர்மதா.

"இந்தச் சிப்பு இம்மாந்துண்டு இருக்குதே, எதுல செஞ்சதும்மா?" என்றார் ஷேக் தாவூத்.

"சிலிக்கான் சார். கால்குலேட்டர் மேல சோலார் பட்டை இருக்குமே, அதுவும் இதே சாமான்தான். முன்னெல்லாம் சிப்புக்கு மேல கறுப்பு பிளாஸ்டிக்ல சட்டை போட்டிருப்பாங்க. இப்போ எடத்தயும் செலவயும் கொறைக்கணும்னு சட்டை இல்லாமலேயே பலகையில ஒட்டறாங்க. செல்போன்லகூட அப்படி வந்துடுச்சு."

அவர் தலையாட்டினார். கடைசியாக, மின்வாரிய இன்ஜினியர் வந்த அன்று எதற்காக லீவு போட்டாள் என்று கேட்டார். சித்தப்பா மகளுக்கு ஆரம்பாக்கத்தில் கல்யாணம் என்றாள். போட்டோ யார் எடுத்தது என்றார். இதென்ன கேள்வி என்பதுபோல் அவள் பார்த்தாள். பஜார் ஸ்டூடியோ முனுசாமி என்று பதில் வந்தது.

செல்விக்குப் பொறி தட்டியது. "பாய், முனுசாமிதான். அந்த ஆளு வந்த அன்னிக்கெல்லாம் நின்னுக்குது. வெலையக் கொறைக்கறதுக்கு நெல்லூர்க்காரங்க காசு குடுத்துருப்பாங்க." ஷேக் தாவூத் முதல்முறையாகச் சிரித்தார். "பாதி சரி செல்வி," என்றார். அவளுக்கு அன்றுவரை கிடைத்த மதிப்பெண்களில் அதுதான் அதிகம்.

சங்கத் தலைவர் வருவதற்கு முன்பே எல்லோரையும் காட்சி அறைக்கு வரச் சொன்னார் ஷேக் தாவூத். முனுசாமியும் கேமராவோடு வந்து சேர்ந்தார். நர்மதாவை மட்டும் வெளியே அனுப்பினார், கம்பெனி கேட்டுக்கு அப்பால் டீக்கடையில் போய் உட்காரச் சொன்னார். அவள் முகம் சுருங்கிவிட்டது. பெட்டியை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள். செல்விக்கு அவர்மேல் கோபமே வந்தது.

பெட்டி மேஜைமேல் பச்சை விளக்கோடு ஓடிக்கொண்டிருந்தது. ஷேக் தாவூத் ஒரு பொன்னாடையை எடுத்து ஆதிநாராயணனுக்கே போர்த்தினார். அவர் கூச்சப்பட்டாலும் பழக்க தோஷத்தில் கேமராவைப் பார்த்துச் சிரித்தார். விமலும் சிரித்தான். "நீ அங்க பாக்காத செல்வி, பெட்டியைப் பாரு," என்றார் ஷேக் தாவூத். முனுசாமி க்ளிக் செய்தார். ஃப்ளாஷ் பளீரென்று அடித்தது.

செல்வியின் கண்ணெதிரே பச்சை விளக்கு அணைந்தது.

"நின்னுபோச்சு பாய்," என்றாள். சிரித்தபடி திரும்பிய மற்ற இருவரும் அப்படியே நின்றார்கள்.

ஷேக் தாவூத் தன் கைக்குட்டையை நாலாக மடித்து, மூடியின்மேல் சிப்பை மறைத்துப் போட்டார். பெட்டியை மறுபடி ஓடவிட்டு, முனுசாமியை இன்னொன்று எடுக்கச் சொன்னார். ஃப்ளாஷ் அடித்தது. பெட்டி அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. கைக்குட்டையை எடுத்தார். மறுபடி ஃப்ளாஷ். நின்றது.

"நின்ன நாளைப் பத்தியே எல்லாரும் சொன்னீங்க," என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "எனக்கு ஓடின நாள்மேலதான் கண்ணு. அன்னிக்கு நர்மதா இல்ல, வாஸ்தவம். அன்னிக்கு வேற இன்னா இல்ல? பொன்னாடை இல்ல, போட்டோ இல்ல. பொண்ணும் இல்ல, கேமராவும் இல்ல, ரெண்டும் ஒரே கல்யாணத்தால. அந்தப் பொண்ணு சொந்தக்காரங்கன்னு அங்க போச்சு, முனுசாமி படம் எடுக்க அதே ஊட்டுக்குப் போனாரு. நீங்க அவளைக் கணக்குல எடுத்தீங்க, கேமராவை உட்டுட்டீங்க."

போட்டோவில் பச்சை விளக்கு எரிகிறதே என்று விமல் தடுமாறினான்.

"எரியும். அந்த ஃப்ளாஷ் வெளிச்சத்துலதானே படமே உழுது. வெளிச்சம் பட்டப்புறம்தான் பெட்டி நிக்குது. அந்த நேரம் யாரும் பெட்டியப் பாக்கல, பொன்னாடை போத்தினா எல்லாரும் கேமராவைத்தான் பாப்போம். கால்குலேட்டர் பட்டைமேல வெளிச்சம் பட்டா கரண்டு வருதில்ல? இதுவும் அதே சாமான், மேல சட்டையும் இல்ல. டியூப் லைட்டு வெளிச்சத்தை அது தாங்கிக்கும். ஃப்ளாஷ் திடீர்னு அவ்வளவு பலமா அடிச்சா உள்ள கண்ட எடத்துல கரண்டு பாஞ்சு, சிப்பு திகைச்சுப் போய் நின்னுடுது. தகர மூடியில வெளிச்சம் போக வழியில்ல. கழனியில அது நிக்காததுக்குக் காரணம் அதான்."

விமல் தெளிந்த மூடியைக் கையில் எடுத்துப் பார்த்தான், திரும்ப வைத்தான். தன்னுடைய யோசனைதான் என்று மெதுவாகச் சொன்னான். அவன் கெட்டவன் இல்லை, அவசரக்காரன் என்று செல்விக்குத் தோன்றியது. தன் ஜாதிதான் என்றும் தோன்றியதால் அவனிடம் ரிமோட்டைப் பற்றி வாயே திறக்கவில்லை.

"அவளை ஏன் பாய் வெளிய அனுப்பினீங்க?" என்றார் ஆதிநாராயணன்.

"அவ இல்லாதப்போ நின்னாத்தானே உங்க மனசு ஆறும்."

ஆதிநாராயணன் பொன்னாடையோடே வெளியே நடந்தார். நல்ல வெயில். வாட்ச்மேன் சலாம் வைத்ததைக்கூட அவர் கவனிக்கவில்லை. டீக்கடை பெஞ்சில் ஆறிப்போன டீயோடு உட்கார்ந்திருந்த நர்மதா எழுந்து நின்றாள். பின்னால் போன செல்விக்கு எல்லாம் தெளிவாகக் கேட்டது.

"பொட்டி நின்னுதா சார்?"

"நின்னுதும்மா."

"நான் இல்லாமலா? ஏன் நின்னுது?"

குற்றம் நீங்கியது என்று அந்தப் பெண் முதலில் சந்தோஷப்படவில்லை. காரணம் தெரிந்தாக வேண்டும் அவளுக்கு. அவர் ஃப்ளாஷ் என்று சொன்னதும் அவள் கண் விரிந்தது, தலையில் அடித்துக்கொண்டாள், அப்புறம் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. வெயிலுக்குப் பார்த்தேன், இடிக்குப் பார்த்தேன், வெளிச்சத்துக்குப் பார்க்கவில்லையே என்று புலம்பிக்கொண்டே உள்ளே ஓடினாள். சிப்பின்மேல் கறுப்புப் பசையைச் சொட்டவிட்டு, சூடு காட்டிக் காயவைத்து, சோதித்து முடிப்பதற்குள் வாசலில் ஜீப் சத்தம் கேட்டது.

சூளூர்பேட்டைத் தலைவர் பேச்சுக்குப் பேச்சு நைனா போடுகிற உற்சாகமான மனிதர். பொன்னாடை போர்த்திக்கொள்ள அவருக்கு ஒரு தடையும் இல்லை. முனுசாமி ஃப்ளாஷை அடித்தபோது கம்பெனியே பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அது ஓடியது. இன்னொரு படம், இன்னொரு கோணம், தலைவருடைய மச்சானோடு ஒரு படம் என்று எடுத்துத் தள்ளினார் முனுசாமி. அது ஓடிக்கொண்டே இருந்தது. பெட்டிகளுக்கு அங்கேயே ஆர்டர் கொடுத்துவிட்டுத்தான் தலைவர் ஜீப் ஏறினார்.

எல்லோரும் போனபிறகு ஆதிநாராயணன் நர்மதாவின் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். உன்னிடம் கேட்காமல் உன்னைச் சந்தேகப்பட்டது தப்பு என்று விமலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொன்னார். நாளைக்கு வருவாயா என்ற கேள்வி அவருக்கு வாய்வரை வந்தும் வெளியே வரவில்லை. அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ரயிலுக்குக் கிளம்பிவிட்டாள். ஆதிநாராயணன் முகம் வெளுத்துவிட்டது.

நர்மதா வாசலில் நின்று திரும்பினாள்.

"இனிமே மூடியை மாத்தறதா இருந்தா என்னைக் கேட்டுக்கினு மாத்துங்க சார். என்மேல சந்தேகம்னாலும் என்கிட்டயே கேளுங்க," என்றாள். "அடுத்த சிப்புல வெளிச்சத்துக்கும் ஒரு சோதனை சேத்துடறேன்."

அடுத்த சிப் என்ற வார்த்தையைக் கேட்டபிறகுதான் ஆதிநாராயணனுக்கு மூச்சே வந்தது.