மல்லாந்த கெளுத்திகள்

அழைப்பு மணியில் வைத்த விரலை அவள் எடுக்கவே இல்லை. கதவு திறந்ததும், "என் வீட்டுக்காரர் என்னை விஷம் வெச்சுக் கொல்லப் பாக்குறார் சார்!" என்று சொல்லி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

அவள் தையல்காரி. எதிரே இருந்த துப்பறிவாளருக்கு ஊர் வைத்த பெயர் நிதானம். அவர் ஒரு கேள்வி கேட்டு முடிப்பதற்குள் பக்கத்தில் இருப்பவர் ஒரு தூக்கம் போட்டுவிடலாம். உதவியாளன் அவருடைய மச்சான். அவனோ கேட்பதற்கு முன்பே பதில் சொல்கிற ரகம்.

"அவர் நைட் டூட்டி முடிஞ்சு வந்ததும், எனக்கு ஃப்ளாஸ்க்ல டீ போட்டு வெச்சுட்டு முன் அறையில படுத்துடுவார். நான் உள் அறைக் கதவைச் சாத்திக்கிட்டுத் தைப்பேன். மெஷின் சத்தத்துல அவர் தூக்கம் கெடக் கூடாதுல்ல? இந்த வாரம் பூரா தலை வெடிக்குது, கண்ணு இருட்டுது. டீ மேல சந்தேகம் வந்து, இன்னிக்கு அதை அப்படியே அந்த உள் அறையில இருக்குற மீன் தொட்டியில ஊத்திட்டேன்."

"என்ன மீன்?"

"ஆப்பிரிக்கக் கெளுத்தியாம். சின்னது, ரொம்ப சாது. அவர் புதுசா வாங்கினது. எப்பவும் கட்டைக்கு அடியில பதுங்கிக்கும், மீசைதான் தெரியும். டீ கலந்து தண்ணி கறுத்ததும் அத்தனையும் மல்லாந்துக்கிட்டு மேலே வந்துடுச்சு சார்! மீசை மட்டும் ஆடுது. பாத்ததும் ஓடி வந்துட்டேன்."

"போலீசுக்குப் போன் போடவா மாமா?" என்று துள்ளினான் மச்சான்.

"சும்மா இருடா." நிதானம் அவளிடம் திரும்பினார். "இன்னிக்கும் தலை வலிச்சுதா?"

"வலிச்சுது. வெளியே வந்தப்புறம் பரவாயில்ல."

"டீ குடிக்காமலே வலிச்சுதா?"

"ஆமா... ஆனா மீன் செத்துடுச்சே சார்!"

"செத்த மீன் மீசையை ஆட்டாதும்மா. அந்தக் கெளுத்தி நீந்துறதே மல்லாந்துதான். இருட்டினா இரை தேடி வெளியே வரும். நீங்க தண்ணியை இருட்டாக்கிட்டீங்க. அது போகட்டும், தைக்கிற கையில ஏது இவ்வளவு கரி?"

"தொட்டி ஹீட்டர் கெட்டுப்போச்சு. மீன் குளிர் தாங்காதுன்னு பக்கத்துல குமுட்டி அடுப்புல கரி மூட்டி வைக்கிறோம். சூடு போகாம இருக்க, சன்னல் இடுக்குல நானே துண்டுத் துணியைத் திணிச்சேன்."

"விஷம் டீயில இல்ல, அந்த அறைக் காத்துல இருக்கு. அடைச்ச அறையில கரி எரிஞ்சா ஆளையே கொன்னுடும். அடுப்பை அணைச்சுட்டு வந்தீங்களா?"

"இல்லையே..."

"அவர் எங்கே?"

"இந்நேரம் எழுந்திருப்பார். எழுந்ததும் மீனைத்தான் பாப்பார், கதவைச் சாத்திக்கிட்டு..." இதுவரை அவரைக் கண்டு பயந்தவள், இப்போது அவர் இருப்பாரோ மாட்டாரோ என்று பயந்தாள்.

நிதானம் முதல் ஆளாகத் தெருவில் ஓடினார். மச்சான் ஆம்புலன்சுக்குப் போன் பண்ணிக்கொண்டே பின்னால் ஓடினான்.

உள் அறையில் அவள் வீட்டுக்காரர் தொட்டிக்குக் கீழே சுருண்டு கிடந்தார். கையில் தண்ணீர் மொள்ளும் குவளை. டீ கலந்த தண்ணீரை மாற்றப் பார்த்திருக்கிறார் பாவம். மூவரும் அவரை இழுத்து வந்து வாசலில் கிடத்தினார்கள். அவள் அவர் கன்னத்தைத் தட்டித் தட்டி, "என்னங்க, என்னங்க" என்று கதறினாள். வெகு நேரம் கழித்து அவர் இருமினார், கண் திறந்தார்.

"தொட்டியில... நீயா ஊத்தினே?"

அவள் தலையசைத்தாள்.

"டீ நல்லா இல்லன்னா என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

அவள் அவர் மார்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.