மீன்கண்ணுக்குள் ஒரு வீடு

முத்துலிங்கம் சித்தப்பா கொழும்பிலிருந்து வந்தபோது, தன் டிஜிட்டல் கமராவோடு இரண்டு குட்டி லென்ஸ்களையும் கொண்டுவந்திருந்தார். புறக்கோட்டை நடைபாதைக் கடையில் மலிவாகக் கிடைத்தவை. சோடாப் போத்தல் மூடியைவிடக் கொஞ்சம் பெரியவை. கமராவின் மூக்கைச் சுற்றி ஒரு காந்த வளையம் ஒட்டியிருந்தது. அதில் வைத்தால் 'டப்' என்று பிடித்துக்கொள்ளும்.

"இது சின்னதைப் பெரிசாக் காட்டும். மத்தது மீன்கண் லென்ஸ். அக்கம்பக்கத்துல இருக்கிறதெல்லாம் படத்துல விழும். ஆனா வளைஞ்சு விழும்" என்றார்.

ஜீவராணிக்குப் பத்து வயது. சும்மா இருப்பாளா? முதல் லென்ஸைப் போட்டு, வாசலில் நெளிந்த அட்டை ஒன்றைப் படமெடுத்தாள். திரையில் அது மலைப்பாம்பு மாதிரிக் கிடந்தது.

பக்கத்து வீட்டு மீனம்மா அத்தை தினமும் காலிலிருந்து பத்து அட்டையாவது பிடுங்கிப் போடுகிறவர். அப்படிப்பட்டவர் அந்தப் படத்தைப் பார்த்ததும் "ஆத்தாடி!" என்று முக்காலிமேல் ஏறிவிட்டார். வரிசை வீடுகள் கொண்ட அந்தத் தேயிலைத் தோட்ட லயமே சிரித்தது.

ஆனால் அந்தச் சிரிப்பு ஜீவராணிக்குக் கொஞ்ச நேரம்தான். நாளைக் காலை அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகிறார். சித்தப்பாதான் கொழும்புவரை கூட்டிப்போகிறார். இனி இரண்டு வருஷம் கழித்துத்தான் அம்மாவைப் பார்க்கலாம்.

அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"நம்ம வீட்டையும் உங்க எல்லாரையும் ஒரே படத்துல எடுத்துக் குடுங்க தம்பி. அங்க வச்சுப் பாத்துக்கிறேன்."

"அதுக்கென்ன அண்ணி, போற வழியில ஹட்டன்ல பிரிண்ட் போட்டுத் தாறேன்" என்றார் சித்தப்பா.

உடனே அப்பா பரபரப்பானார். ஹட்டன் ஸ்டூடியோவில் பின்னால் அழகான திரை தொங்குமே, அவருக்கும் அப்படி வேண்டுமாம். அம்மாவின் தீபாவளிச் சேலையின் ஒரு முனையை ஆணியில் கட்டினார். மறுமுனையை மீனம்மா அத்தை தூக்கிப் பிடித்தார். கொழுந்துக்கூடை, கம்பளி, கரிப்பானை, வாளி எல்லாம் ஓரத்துக்குப் போயின.

"கமரா முன்னாலதானே பாக்கும்? ஓரத்துல கெடக்கிறது யாருக்குத் தெரியப் போகுது?" என்றார் அப்பா.

அப்பா, இரண்டு வயதுத் தம்பி கஜதீபன், ஜீவராணி மூவரும் சேலைக்கு முன்னால் விறைப்பாக நின்றார்கள். சித்தப்பா கதவோடு முதுகை ஒட்டிக்கொண்டு படமெடுத்தார். அப்பாவின் பாதி முகமும் தம்பியின் காதும் விழுந்தன. ஜீவராணியைக் காணவே இல்லை. லயத்து அறை அவ்வளவு சின்னது.

"இன்னும் பின்னால போங்களேன்" என்றாள் ஜீவராணி.

"போனா வாசல் கான்ல விழுந்து மழைத்தண்ணியோட போக வேண்டியதுதான்" என்றார் சித்தப்பா. வெளியே ஐந்து நாளாக விடாத ஜூன் மாத மழை.

பிறகு மீன்கண் லென்ஸைப் பொருத்தி எடுத்தார். இப்போது எல்லாரும் விழுந்தார்கள். எல்லாமும் விழுந்தன. இடப்பக்கம் மீனம்மா அத்தை நாக்கைக் கடித்துக்கொண்டு சேலையைப் பிடித்திருந்தார், வாழைப்பழம் மாதிரி வளைந்து. வலப்பக்கம் கூடை, வாளி, மூலையிலிருந்த அடுப்பு!

"என்னைய ஏன்யா இப்படிக் கோணலாக்கினீங்க?" என்றார் அத்தை.

அப்பாவின் முகம் சுருங்கிவிட்டது. "மறைச்சதெல்லாம் தெரியுதே. அழிச்சிரு தம்பி."

"இருங்க" என்று அம்மா கமராவை வாங்கினார். ஜீவராணி அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா அந்த அழகான சேலையைக் கவனிக்கவே இல்லை. அவரது விரல் கூடையைத் தொட்டது, பிறகு அடுப்பைத் தொட்டது. "அட, நம்ம அடுப்பு" என்றார் மெதுவாக.

அப்போது கமராவில் சிவப்பு விளக்கு மின்னியது. "பெட்டரி முடியுது. கரண்டும் இல்ல. இன்னும் ஒரு படம்தான் எடுக்கலாம்" என்றார் சித்தப்பா.

"அப்ப சேலைய நல்லா அகலமாப் புடிங்க" என்றார் அப்பா.

"வேணாம்ப்பா. சேலையை எடுத்துருவோம்" என்றாள் ஜீவராணி.

"கரி புடிச்ச சுவரையா காட்டச் சொல்ற? அங்க இருக்கிறவங்க பாத்தா என்ன நெனப்பாங்க?"

"அவங்களுக்கா எடுக்கிறோம்? அம்மாவுக்குத்தானே? அம்மா பாக்காத கரியாப்பா?"

"எனக்கும் கை கடுக்குது" என்று அத்தை சேலையை விட்டுவிட்டார்.

ஜீவராணி எல்லாவற்றையும் பழைய இடத்தில் வைத்தாள். அப்பாவை அடுப்படியில் உட்காரச் சொன்னாள். நடுவில் இருப்பது அவ்வளவாக வளையவில்லை என்பதை அவள் கவனித்திருந்தாள். அதனால் தம்பியை நடுவில் விட்டுவிட்டு, தான் ஓரத்துக்குப் போனாள்.

சித்தப்பா கமராவைத் தூக்கினார்.

"நீங்க இல்ல சித்தப்பா. அம்மா எடுக்கட்டும்."

"எனக்கு இதெல்லாம் எங்க தெரியும்?" என்று அம்மா பதறினார்.

"மலையில இருந்து வந்ததும் வாசப்படியில நின்னு எங்களப் பாப்பீங்கல்ல? அப்படியே நில்லுங்கம்மா. இந்தப் பொத்தான அமத்தினாப் போதும்."

அம்மா வாசற்படியில் நின்றார். நாள் முழுக்கச் சளைக்காமல் கொழுந்து பறிக்கிற விரல்கள், ஒரு பொத்தானைத் தேடித் தடவின. வாசலில் அம்மாவைக் கண்டதும் தம்பி, தினமும் மாலையில் செய்வதுபோலவே இரண்டு கையையும் தூக்கி, "ம்மா!" என்றான்.

'கிளிக்.'

எல்லாரும் ஓடிவந்து பார்த்தார்கள். கரிச்சுவர், அடுப்பு, ஊதுகுழலோடு அப்பா, கூடை, நடுவில் கை தூக்கிய தம்பி, ஓரத்தில் வளைந்து சிரிக்கும் ஜீவராணி. படத்தின் அடியில் மெட்டி போட்ட இரண்டு பாதங்கள்.

"அய்யய்யோ, என் காலும் விழுந்திருச்சே! படம் கெட்டுப் போச்சா?" என்றார் அம்மா.

"கெடலம்மா" என்றாள் ஜீவராணி. "இப்பத்தான் வீட்டுல எல்லாரும் இருக்கோம்."

அம்மா அவளை இழுத்து அணைத்துக்கொண்டார். அழுதார், சிரித்தார், மறுபடியும் அழுதார். அதற்குள் கமரா அணைந்துவிட்டது.

அப்பா கரிச்சுவரைத் தட்டிக் காட்டினார்.

"தம்பி, ரெண்டு பிரிண்டாப் போட்டுரு. ஒன்னு அவ கொண்டு போகட்டும். இன்னொன்ன அனுப்பி வை, இந்தச் சுவத்துல மாட்டணும்."