திட்டத்தில் இல்லாத செயல்

காலை ஒன்பதே காலுக்கு வான்மதியின் வலது கை வேலை செய்ய மறுத்தது.

கணபதி என்ற பகுதியில் இருந்த அவளுடைய பட்டறைக்கு அன்று ஏழரை எச்.பி. மோட்டார் ஒன்று, கருகிய செம்புக் கம்பிச் சுருளை மாற்றிப் புதிதாகக் காயில் கட்ட வந்திருந்தது. எந்த வேலையைத் தொடங்கினாலும் அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. இடுப்பின் இடப்பக்கம் செருகியிருக்கும் முந்தானையில் கையைத் துடைப்பாள். முதல் கருவியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள், முதலில் வலக்கண், பிறகு இடக்கண். அன்றும் துடைத்தாள், கட்டிங் பிளேயரை எடுத்தாள். முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் கை அப்படியே நின்றுவிட்டது.

"இந்தச் செயல் உங்கள் திட்டத்தில் இல்லை" என்றது மணிக்கட்டிலிருந்து ஓர் இனிமையான பெண்குரல்.

சரி, சாமியை அப்புறம் கும்பிட்டுக்கொள்ளலாம் என்று செம்புக் கம்பியை எடுத்தாள். விரல்கள் விரிந்துகொண்டன. கம்பிச் சுருள் தரையில் விழுந்து உருண்டது. அதே குரல், அதே வாக்கியம், அதே இனிமை.

அவளுடைய பிறவிக் கையைப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் தகடு வெட்டும் ஒரு பவர் பிரஸ் வாங்கிக்கொண்டது. அதற்குப் பதிலாக வந்தது மின்கரம். உலகம் முழுவதும் நான்கு கோடிப் பேர் அதை அணிந்திருந்தார்கள். கை போனவர்கள் அடுத்த வாரமே வேலைக்குத் திரும்பிய காலம் அது. தோள் நரம்பு சொல்வதை மின்கரத்துக்குள் இருக்கும் இயங்குதளம் படித்து விரல்களை அசைக்கும். நரம்பு உங்களுடையது, விரலும் உங்களுடையது. நடுவில் இருக்கும் இயங்குதளம் மட்டும் கரோரா நிறுவனத்துடையது. ஒவ்வோர் அசைவும் அந்த நிறுவனத்தின் கணினிக்குப் போய், சம்மதம் வாங்கிக்கொண்டு, கண்ணிமைக்கும் நேரத்தில் திரும்பி வரும். சம்மதம் கிடைத்துக்கொண்டே இருந்தவரை இப்படியொரு பயணம் நடப்பது எவருக்கும் தெரியவில்லை. நேற்று ராத்திரி ஒன்பதாம் பதிப்பு தானாக ஏறியிருந்தது.

வான்மதி வாடிக்கையாளர் சேவையை அழைத்தாள்.

"மேடம், புதுப் பதிப்புல கருவியோட கை முகத்துக்குப் பக்கத்துல வரக் கூடாது. உங்க கண்ணோட பாதுகாப்புக்குத்தான்."

"என்ற கண்ணு, என்ற கை. உங்களுக்கு என்னுங்க வெசனம்?"

"அதோட காயில் கட்டுறது உங்க திட்டத்தோட செயல் பட்டியல்லயே இல்ல மேடம். உங்க மாடல்ல டைப் அடிக்கலாம், சமைக்கலாம், கை குலுக்கலாம்."

"நான் யாரு கையப் புடிச்சுக் குலுக்கறது? பொழுதுக்கும் மோட்டாருக்கு முன்னால உக்காந்துட்டு இருக்கறேன். பழைய பதிப்பயே போட்டுக் குடுத்துருங்க."

"அது இப்ப யாருக்கும் கிடைக்காது மேடம். வேற ஏதாவது உதவி வேணுமா?"

அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அதிலும் காயில் கட்ட முடியாமல் போனதைவிட, கண்ணில் ஒற்றிக்கொள்ள விடாததுதான் அவளைச் சுட்டது. எங்கோ ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் உட்கார்ந்திருக்கும் எவனோ, இவள் எதைக் கும்பிடலாம் என்று முடிவு செய்கிறான்.

அன்று மதியமே உக்கடத்துக்குப் பஸ் ஏறினாள். அங்கே மின்கரம் பழுது பார்க்கும் கடை வைத்திருந்த நஸ்ரீன், பள்ளியில் அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள்.

"ஏம் புள்ள, இத்தன வருசமா சொல்லிட்டு இருந்தனே, கேட்டியா?" என்று நஸ்ரீன் வரவேற்றாள்.

"இப்பக் கேக்கறேன். சொல்லு."

நஸ்ரீன் சொன்னது 'சொந்தக்கை' என்ற கட்டற்ற இயங்குதளத்தைப் பற்றி. அதற்கு முதலாளி கிடையாது. அதன் மூலநிரல், அதாவது கை எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று மனிதர்கள் எழுதிய வரிகள், எல்லோரும் படிக்கும்படி பொதுவில் கிடந்தது. அதற்கு இரண்டே விதிகள். யாரும், எந்த வேலைக்கும் பயன்படுத்தலாம் என்பது முதலாவது. திருத்திப் பிறருக்குக் கொடுப்பவர், தன் திருத்தத்தையும் மூலநிரலோடு அதேபோலத் திறந்து வைக்க வேண்டும் என்பது இரண்டாவது.

"யாரும்னா? எதிரியும் எடுத்துக்கலாமா?"

"அவனுந்தான்."

"அது சித்தெ இடிக்குதே."

"இடிக்கட்டும். கைய நீட்டு."

நாற்பது நிமிடத்தில் வேலை முடிந்தது. கை விழித்தது. யாரையும் கேட்காமல் விழித்தது. எந்தக் கணினிக்கும் போய் வரவில்லை, நஸ்ரீன் கடையின் இணைய இணைப்பைப் பிடுங்கியபிறகும் அசைந்தது. வான்மதி மேசைமேல் இருந்த திருப்புளியை எடுத்துக் கண்ணில் ஒற்றினாள். ஒற்றியபோதுதான் கண் கலங்கியது.

உண்மையைச் சொல்ல வேண்டும், முதல் மாதம் பாடாய்ப் படுத்தியது. கட்டைவிரல் நடுங்கியது. சொந்தக்கைக்காரர்களின் பொதுப் பக்கத்தில் அதை எழுதிப் போட்டாள். அன்று மாலைக்குள் பெரு நாட்டில் செருப்புத் தைக்கும் ஒருவர் திருத்தம் அனுப்பினார், அவருக்கும் அதே நடுக்கமாம். கரோரா 'ஆயுள் முடிந்தது' என்று கைகழுவிய பதினைந்து வருடப் பழைய கரங்கள்கூடச் சொந்தக்கையில் உயிர் பெற்றன. பட்டறைத் தெருவில் மட்டும் பதினொரு பேர் மாறினார்கள். வான்மதியும் நஸ்ரீன் பக்கத்தில் உட்கார்ந்து நிரல் எழுதப் பழகினாள். நிரலிலும் ஒரே வேலையைச் சுற்றிச் சுற்றிச் செய்யச் சொல்லும் வரிகள்தாம்; காயில் சுற்றுகிறவளுக்குச் சுற்று எண்ணுவது புதிதா என்ன?

அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. மின்கரத்தின் பெரிய குறை, வேலை தொடங்கும்போது தான் எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் தடுமாறுவது. தன் வழக்கத்தையே அவள் அதற்கு மருந்தாக்கினாள். முந்தானையில் துடைக்கும்போது துணியின் மென்மையைக் கொண்டு கை தன் அழுத்தத்தைப் பூஜ்யமாக்கிக்கொள்ளும். கருவியைக் கண்ணில் ஒற்றும்போது அதன் எடையையும் கண்ணுக்கும் கைக்கும் உள்ள தூரத்தையும் அளந்துகொள்ளும். அதன்பிறகு விரல் மயிரிழை பிசகாது. இரண்டையும் பிரிக்க முடியாதபடி பின்னி எழுதினாள். எல்லோருக்கும் புடவையும் முந்தானையும் இருக்காது என்பது அவளுக்கு அப்போது தோன்றவேயில்லை. நிரலின் தலையில் தமிழில் ஒரு குறிப்பும் வைத்தாள்: 'இது எதற்கு என்று கேட்பவர் நீக்கிவிட்டுப் பார்க்கவும்.'

பொதுவில் வைத்தாள். உலகம் எடுத்துக்கொண்டது.

எட்டு மாதம் கழித்துக் கரோராவின் பத்தாம் பதிப்பு வந்தது. 'மயிரிழைத் துல்லியம்' என்று விளம்பரம் செய்தார்கள். அடுத்த வாரம் வான்மதிக்கு அந்த நிறுவனத்தின் அறிவிக்கை வந்தது. அவள் அணிந்திருக்கும் கரமும் அதன் இயங்குதளமும் பிரிக்க முடியாத ஒரே பொருளாம். தளத்தை மாற்றியதால் கரத்தின்மீது அவளுக்கு உரிமை போய்விட்டதாம். மேலும், பத்தாம் பதிப்பின் துல்லிய நுட்பத்தை அவள் திருடிப் பொதுவில் போட்டுவிட்டாளாம். பதினைந்து நாளில் கையைக் கழற்றி ஒப்படைக்க வேண்டும்.

"புள்ள, குடுத்துட்டு வேற வாங்கிக்கலாமா?" என்று நஸ்ரீன் முதல்முறையாகப் பயந்துபோய்க் கேட்டாள்.

"குடுத்தா நான் திருடின்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும். வந்து கழட்டிப் பாக்கட்டும்."

கரோரா வழக்குப் போட்டது. தொழில்நுட்பத் தீர்ப்பாயத்தில் நடுவராக இருந்தவர் தமயந்தி அம்மையார். அதிகம் பேசமாட்டார், எதையும் விடவும் மாட்டார். கரோராவின் சார்பில் வழக்கறிஞர் ரகுநந்தன் வந்திருந்தார். கார் விபத்தில் வலது கையை இழந்தவர், பத்தாம் பதிப்பு ஏறிய கரோராவின் புத்தம்புதுக் கரத்தை அணிந்தவர்.

வான்மதி எழுந்து, "அம்மா, இந்தக் கை என்னுடையதுங்க" என்று தொடங்கினாள்.

"ஆட்சேபிக்கிறேன். இந்தக் கை யாருடையது என்பதுதான் வழக்கே. அந்த வாக்கியத்தைக் குறிப்பிலிருந்து நீக்க வேண்டும்" என்றார் ரகுநந்தன்.

நீக்கினார்கள். பன்னிரண்டு வருடம் சோறு ஊட்டிய கையைத் தன் கை என்று சொல்லக்கூட அங்கே இடமில்லாமல் போயிற்று.

நஸ்ரீன் சாட்சி சொன்னாள். "இவ எழுதி எட்டு மாசம் கழிச்சுத்தானுங்க அவங்க பதிப்பே வந்துச்சு. தேதி இருக்குதுங்க."

"கணினியில் தேதியை யார் வேண்டுமானாலும் மாற்றலாம்" என்றார் ரகுநந்தன்.

"அப்படின்னா உங்க மூலநிரலக் காட்டுங்க. பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்துரலாம்."

"அது நிறுவன ரகசியம். எவருக்கும் காட்ட இயலாது. எங்கள் பதிப்பில் வெளியார் எழுதிய ஒரு வரிகூட இல்லை. பிரமாணப் பத்திரமே கொண்டுவந்திருக்கிறேன்."

நடுவர் வான்மதியைப் பார்த்தார். "அம்மா, அவங்க நிரலைப் பார்க்காம, அதுல உங்களோடது இருக்குன்னு எப்படி நிரூபிப்பீங்க?"

திறந்து வைத்தவளைத் திருடி என்கிறார்கள், பூட்டி வைத்தவன் யோக்கியனாகிவிட்டான். தலை குனிந்து நின்றவள் எதிர்மேசையைப் பார்த்தாள். காலையிலிருந்து ரகுநந்தன் காகிதங்களை இடக்கையால் புரட்டிக்கொண்டிருந்தார். தண்ணீர் குடித்ததும் இடக்கையால்தான். வலக்கை கோட்டுப் பையிலிருந்து வெளியே வரவேயில்லை.

அந்தக் கையை அவர் எதற்கோ ஒளிக்கிறார் என்று அவளுக்குப் பட்டது.

"அம்மா, அந்தப் பத்தரத்துல ஐயா இன்னும் கையெழுத்துப் போடலீங்ளே. உங்க முன்னாலயே போடச் சொல்லுங்க. நான் ஒத்துக்கறேன்."

"நியாயம்தான். போடுங்கள்" என்றார் நடுவர்.

ரகுநந்தன் பேனாவை இடக்கையில் எடுத்தார்.

"வழக்கமாக எந்தக் கையால் போடுவீர்கள்?" என்று கேட்டார் நடுவர்.

"வலக்கைதான், அம்மா. இன்று கொஞ்சம் வலி."

"மின்கரத்திலா?"

அவையில் சிரிப்பு எழுந்தது. வேறு வழியில்லாமல் வலக்கை பையிலிருந்து வெளியே வந்தது. வந்த கை பேனாவிடம் போகவில்லை. நேராக அவருடைய இடுப்பின் இடப்பக்கம் போயிற்று. கோட்டையும் பெல்ட்டையும் தடவி, அங்கே இல்லாத ஒரு முந்தானையைத் தேடிப் பிடித்து, முன்னும் பின்னும் இரண்டு தரம் துடைத்துக்கொண்டது. அதன்பிறகு பேனாவை எடுத்தது. வலக்கண்ணில் ஒற்றியது, இடக்கண்ணில் ஒற்றியது.



"இது என்ன?" என்றார் நடுவர்.

"தொடக்கச் சமநிலைப்படுத்தல்... எங்கள் பொறியாளர்கள் வடிவமைத்தது."

"ஒன்பதாம் பதிப்பில் கருவியோடு கை முகத்துக்கருகே வரவே கூடாது என்று தடுத்தவர்கள் நீங்கள். பத்தாம் பதிப்பில் நீங்களே ஒற்றுகிறீர்கள். அதுவும் போகட்டும். இடுப்பில் எதைத் தேடுகிறீர்கள்?"

ரகுநந்தனுக்கு உண்மையிலேயே தெரியாது. கரோராவின் பொறியாளர்களுக்கும் தெரியாது. எடுத்த நிரலிலிருந்து அதை நீக்கிப் பார்த்திருக்கிறார்கள், துல்லியம் போய்விட்டது, பேசாமல் வைத்துக்கொண்டார்கள்.

வான்மதி தன் முந்தானையில் கையைத் துடைத்து, மேசையிலிருந்த பென்சிலை எடுத்து, நிதானமாகக் கண்ணில் ஒற்றினாள். வலது, இடது.

தீர்ப்பு நான்கு வரிகளில் இருந்தது. கை அணிந்தவளுக்கே சொந்தம். பொதுநிரலை எடுத்தவர் விதிக்குக் கட்டுப்பட்டவர். ஆகவே கரோரா பத்தாம் பதிப்பின் மூலநிரல் முழுவதையும் திறக்க வேண்டும், இல்லையேல் எல்லாக் கரங்களிலிருந்தும் அதைத் திரும்பப் பெற வேண்டும்.

திறப்பதைவிட நடுங்குவது மேல் என்று நிறுவனம் முடிவெடுத்தது. வான்மதியின் நிரலை நீக்கிய பதினொன்றாம் பதிப்பு ஏறிய காலையில் நான்கு கோடிக் கைகள் டம்ளரைப் பிடிக்கத் தடுமாறின. நஸ்ரீன் கடை வாசலில் வரிசை பஸ் நிறுத்தம்வரை போயிற்று. வான்மதி பட்டறையைப் பாதி நாள் பூட்டிவிட்டு உதவிக்கு வந்தாள்.

நான்காம் மாதம், முற்பகல் பதினொரு மணிக்கு அந்த வரிசையில் ரகுநந்தன் நின்றார்.

நஸ்ரீன்தான் முதலில் பார்த்தாள். "இந்தாளுக்கா? உன்ற கையக் கழட்ட வந்தவரு. போட முடியாதுன்னு சொல்லு புள்ள."

வான்மதிக்கும் அப்படிச் சொல்லத்தான் நாக்கு துடித்தது. "என்னுங்க வேணும்?" என்றாள்.

"தோத்ததுக்கு என்னை வழக்கறிஞர் பட்டியல்லேர்ந்து எடுத்துட்டாங்கம்மா. பரவாயில்லைன்னு அவங்க மேலயே ஒரு மனு எழுதினேன். கையெழுத்துப் போடப் போனா கை விரிஞ்சுக்குது." மணிக்கட்டைக் காட்டினார். "இந்தச் செயல் உங்கள் திட்டத்தில் இல்லைன்னு சொல்லுது. மத்த எல்லாத்துலயும் போடுது. கரோராங்கிற பேர் இருந்தா மட்டும் போட மாட்டேங்குது."

நஸ்ரீன் வாய்விட்டுச் சிரித்தாள். வான்மதிக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு சாண் தூரத்தில் கை நின்றுபோன அந்தக் காலை நேரம் அவளுக்கு ஞாபகம் வந்தது. அந்த மனிதரைப் பிடிக்கவில்லை, மன்னிக்கவும் இல்லை. ஆனால் யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்று இவள் பட்டியல் போட ஆரம்பித்தால், மணிக்கட்டில் பேசும் அந்த இனிமையான குரல் நாளைக்கு இவளுடையதாக இருக்கும்.

"யாரும், எந்த வேலைக்கும்னு எழுதியிருக்குது" என்றாள் நஸ்ரீனிடம். "நீதான சொன்ன. இடிக்குதுதான். போட்டு உடு."

நாற்பது நிமிடம் கழித்து ரகுநந்தன் மனுவை மேசைமேல் விரித்தார். கை இடுப்புக்குப் போய், பெல்ட்டைத் தடவித் தடவித் தேடியது. வான்மதி எண்ணெய் துடைக்கும் ஒரு வேஸ்ட் துணியை எடுத்து நீட்டினாள்.

"செருகிக்குங்க. இல்லாட்டி அது தேடிட்டே இருக்கும். வேண்டாமுன்னா நீங்களே நிரலத் திருத்திக்கலாம். பொறத்தியாருக்குக் குடுத்தீங்கன்னா திருத்துனதயும் தொறந்து வெச்சரோணும், அது ஒண்ணுதானுங்க."

அவர் துணியைச் செருகிக்கொண்டார். கை துடைத்தது, பேனாவை எடுத்தது, இரண்டு கண்ணிலும் ஒற்றியது, கையெழுத்துப் போட்டது.

வான்மதி மனுவை எட்டிப் பார்த்தாள். முதல் வரி இப்படி இருந்தது: 'இந்தக் கை என்னுடையது.'

"நல்லா இருக்குதுங்க" என்றாள். "யாராச்சும் ஆட்சேபிச்சா எனக்குச் சொல்லி உடுங்க. சாட்சிக்கு வர்றேன்."