நாலரைக்குள் ஒரு லேப்டாப்

ஞாயிற்றுக்கிழமை வந்தால் கார்த்திகாவின் அப்பா கஜபதி கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். நாலரைக்கு ராகு காலம் தொடங்கிவிடும். அதற்குப் பிறகு ஒரு குண்டூசி வாங்கக்கூட அவர் கை சட்டைப் பைக்குள் போகாது.

இன்று வாங்க வந்ததோ குண்டூசி இல்லை, லேப்டாப். அதுவும் அம்மா மங்களத்துக்கு!

அம்மா கல்யாணத்துக்கு முன்பே டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்தவர். வீட்டிலிருந்தே தட்டச்சு செய்து தரும் வேலை இப்போதுதான் கிடைத்திருக்கிறது. நாளைக் காலை சொந்த லேப்டாப்போடு தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த வேலை வேறு யாருக்காவது போய்விடும். புது லேப்டாப் கட்டுப்படியாகாது. அதனால்தான் ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து மூவரும் பஸ் பிடித்து, அம்பத்தூரில் பழைய லேப்டாப் விற்கும் அப்துல் ரசாக் கடைக்கு வந்திருந்தார்கள்.

மணி நாலு பத்து.

"பாய், போன்ல பன்னெண்டாயிரம்னு சொன்னீங்களே, அத எடுங்க. முதல்ல பணத்த வாங்கிக்குங்க!" என்று அப்பா பறந்தார்.

"அப்பா, ஆன் பண்ணிக்கூடப் பாக்கலியே!" என்றாள் கார்த்திகா. அவள் ஏழாம் வகுப்பு. "பழசு வாங்கினா சார்ஜரக் கழட்டிட்டு அரை மணி நேரமாவது ஓட விடணும்னு விஜி மிஸ் சொல்லியிருக்காங்க."

"அரை மணி நேரமா? ராகு காலம் வந்துடும்டி!"

"அப்ப ஆறு மணிக்கு மேல வாங்கலாம்."

"அதுக்குள்ள வேற யாராவது வாங்கிட்டா?" என்றார் அம்மா கவலையோடு. அந்த விலைக்கு அது ஒன்றுதான் இருந்தது.

கார்த்திகா யோசித்தாள். "மாமா வீடு வாங்கினப்ப என்ன பண்ணாரு? நல்ல நேரத்துல நூத்தியோரு ரூபா அட்வான்ஸ் குடுத்துட்டு, பத்திரத்த அப்புறமா நிதானமாத்தான படிச்சாரு?"

அப்பாவின் முகம் மலர்ந்தது. சட்டைப் பையிலிருந்து நூறு ரூபாய் வந்தது. ஒரு ரூபாய் நாணயத்துக்கு அம்மாவின் கைப்பையைத் தலைகீழாகக் கவிழ்க்க வேண்டியிருந்தது. மணி நாலு இருபத்தெட்டு.

"இன்னாமா, எனக்கே யாவாரம் கத்துக் குடுக்குற!" என்று சிரித்தபடி ரசீது எழுதினார் ரசாக்.

லேப்டாப்பை ஆன் செய்தார்கள். திரையில் பல் இல்லாத ஒரு பாப்பா சிரித்தது. கீழே 'ஜெகதீஷ்' என்று பெயர். பாஸ்வேர்டு கேட்டது.

ரசாக் நாக்கைக் கடித்துக்கொண்டார். "காலைல வந்தத ரெடியானதோட சேத்து வெச்சிட்டேன். தப்பு எம்மேலதான். இரு, எல்லாத்தையும் அழிச்சிட்டு புதுசா போட்டுத் தர்றேன்."

"இருங்க அங்கிள்! உள்ள பாப்பா போட்டோ இன்னும் நிறைய இருக்குமே?"

"அடுத்தவங்க போட்டோ நமக்கு எதுக்குமா?" என்றார் அப்பா.

"நமக்கு வேணாம்பா. அவங்களுக்கு வேணும்னா? ஒரு போன் பண்ணிக் கேக்கலாமே!"

ரசாக் போன் செய்தார். மறுமுனையில் ஜெகதீஷ், "அதெல்லாம் என் ஒய்ஃப் காப்பி பண்ணிட்டாங்க பாய்" என்றார். பிறகு, "காப்பி பண்ணிட்டதான?" என்று யாரிடமோ கேட்டார். அங்கே ஏதோ ஒரு சத்தம். அடுத்த நொடி, "பாய்! கைய வெச்சிடாதீங்க! தோ வந்துகினே கீறேன்!" என்ற அலறல் கடை முழுக்கக் கேட்டது.

பாடியிலிருந்து பைக்கில் இருபதே நிமிடத்தில் வந்து சேர்ந்தார் ஜெகதீஷ். ஹெல்மெட்டைக் கழற்றக்கூட மறந்துவிட்டார்.

"அவ பண்ணிட்டான்னு நானு, நான் பண்ணிட்டேன்னு அவ! பொறந்ததுலேருந்து எடுத்த எல்லாமே இதுலதான் கீது" என்று சொல்லிக்கொண்டே படங்களைப் பென் டிரைவில் ஏற்றினார். பாப்பா முதல்முறை நடந்து, மூன்றாவது அடியில் பொத்தென்று உட்கார்ந்த வீடியோவை எல்லோருக்கும் காட்டினார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

போன் பண்ணச் சொன்னது கார்த்திகாதான் என்று ரசாக் சொன்னார். கிளம்பும்போது ஜெகதீஷ் அவளைப் பார்த்து வாசலில் தயங்கி நின்றார்.

"ரொம்ப தேங்க்ஸ்மா. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். பாய்கிட்டகூட நான் சொல்லல. இந்த பேட்டரி நல்லா ஓடிகினே இருக்கும். ஒரு மணி நேரம் கழிச்சி திடீர்னு ஆஃப் ஆயிடும். அடிச்சதெல்லாம் பூடும்."

அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்திருந்தாலும் இது தெரிந்திருக்காது!

ரசாக் ஜெகதீஷை ஒரு முறை முறைத்தார். பிறகு வேறு நல்ல பேட்டரியை எடுத்து மாட்டினார். பழையதையெல்லாம் அழித்துப் புதிதாகப் போட்டுக் கொடுத்தார். அம்மா எல்லா எழுத்துகளையும் தட்டிப் பார்த்தார். சார்ஜரைக் கழற்றிவிட்டு ஒன்றரை மணி நேரம் எல்லோரும் அதன் முன்னால் காத்திருந்தார்கள். அது அணையவே இல்லை.

"பேட்டரிக்குக் காசு வேணாம். நீ போன் பண்ணச் சொல்லலேன்னா நான் அந்தப் புள்ளையோட போட்டோவெல்லாம் அழிச்சிருப்பேன்மா. அந்தப் பாவம் எனக்கு வேணாம்" என்றார் ரசாக். மீதிப் பணத்தை வாங்கிக்கொண்டு, ஆறு மாத வாரன்டி எழுதி, பில்லும் கொடுத்தார். கார்த்திகாவுக்கு அவர்மேல் மிகவும் நன்றியாக இருந்தது. பாதியில் அணைந்திருந்தால் அம்மாவின் வேலை என்னவாகியிருக்கும்!

மறுநாள் மாலை கார்த்திகா பள்ளியிலிருந்து வந்தபோது, வீட்டுக்குள் படபடவென்று சத்தம் கேட்டது.

"பதினெட்டுப் பக்கம் முடிச்சிட்டேன்டி! நல்லாருக்குன்னு சொல்லி இன்னும் அனுப்பியிருக்காங்க. எல்லாம் உன்னாலதான்!" என்று திரும்பாமலே சொன்னார் அம்மா. விரல்கள் நிற்கவில்லை.

அடுப்பில் பால் பொங்கி வழிந்து மேடையெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. கார்த்திகா ஓடிப்போய் அடுப்பை அணைத்தாள். பிறகு துணியை எடுத்து, பாட்டுப் பாடிக்கொண்டே துடைத்தாள்.