இடது ஓரத்தில் பிறகு

காலைச் சங்கு ஊதியதும் மின்தூக்கியில் நின்ற எல்லோருடைய கண்களும் ஒரே சமயத்தில் இடப்பக்கம் ஓடித் திரும்பின. ஈயை விரட்டுவதுபோல ஓர் அசைவு. யாரும் பேச்சை நிறுத்தவில்லை.

செவ்வாயின் மூன்றாம் குடியிருப்பில் ஒவ்வொரு சங்குக்கும் இது நடக்கும். காதுக்குப் பின்னால் பதித்த நினைவுச்சில்லு அவரவர் பார்வைக்குக் குறுக்கே ஒரு கேள்வியை எழுப்பும்: 'நகல் எடுக்கவா?' வலப்பக்கம் பார்த்தால் 'இப்போது'. இடப்பக்கம் பார்த்தால் 'பிறகு'. சில்லுக்கு வெளியே நகல் எடுத்து வைக்கச் சிறிது நேரம் கண்ணை மூடி உட்கார வேண்டும். அப்படி உட்கார்ந்தவர் எவரையும் அங்கே யாரும் கண்டதில்லை.

சில்லு வந்தபின் மூளை நினைவில் வைக்கும் வேலையையே கைவிட்டிருந்தது, ஒரு காலத்து மனிதர்கள் தொலைபேசி எண்களை மனப்பாடம் செய்வதைக் கைவிட்டதைப் போல. புகைப்படமும் ஒழிந்துவிட்டது. கண்ணே பதிவு செய்யும்போது படம் எதற்கு?

அன்று அந்த மின்தூக்கியில் வடிவும் அவள் கணவன் ஆவுடையப்பனும் ஆளுக்கொரு மூலையில் நின்றார்கள். அவர்களுடைய மகன் முகில் ஆறு வயதில், வெளி நடைபாதையின் காற்றடைப்பு பிய்ந்து, மூச்சு முட்டிச் செத்துப்போனான். இப்போது வடிவின் சில்லும் சாகத் தொடங்கியிருந்தது. மகனின் முகம் இருக்கவேண்டிய இடத்தில் அவளுக்குச் சாம்பல் நிறக் கட்டங்கள் தெரிந்தன. ஆவுடையின் சில்லில் முகில் தெளிவாகவே இருந்தான். ஆனால் ஒருவர் நினைவு இன்னொருவர் மண்டையில் ஓடாது.

கீழ்த்தளத்தில் ஜெரால்டு என்பவனின் நினைவு மீட்புக்கடை. அவன் வடிவின் காதுக்குப் பின்னால் கம்பியைச் செருகித் திரையைப் பார்த்தான். உதட்டைப் பிதுக்கினான்.

"யக்கா, புள்ள நெனப்ப அடிக்கடி பாப்பீங்களோ?"

"எந்நேரமும்."

"அதான் தேஞ்சுபோச்சு. ஒவ்வொரு தடவ பாக்கும்போதும் சில்லு அத அழிச்சுத் திரும்ப எழுதும். ஆசையா பாத்ததுதான் முதல்ல சாகும். தொடாததெல்லாம் கல்லு மாதிரி கெடக்கு. பக்கத்து வீட்டுக்காரன் குளிக்கும்போது பாடுனது முழுசா இருக்கு. வேணுமா?"

"எம் புள்ள வேணும்."

ஜெரால்டு தோண்டினான். பிறகு நிமிர்ந்தான். "ஒண்ணே ஒண்ணு கெடக்கு. நீங்க அழிச்சதுல."

"நான் எதையும் அழிக்கலையே."

"அழிச்சவங்க எல்லாரும் அப்படித்தான் சொல்லுதாங்க. அழிச்ச ஞாபகத்தையும் சேத்துல்லா அது அழிக்கும். உள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. முகில்னு முகக்குறி இருக்கு. காத்தடைப்பு பிஞ்ச அன்னைக்குப் பதிஞ்சது."

ஆவுடை எழுந்துவிட்டான். "வேண்டாம் தம்பி. மூடிருங்க."

"ஏன்? உங்க வண்டவாளம் தெரிஞ்சிரும்னா?" வடிவு அவனைப் பார்த்த பார்வையில் பல வருட விஷம் இருந்தது. "கதவத் தெறந்து எம் புள்ளைய வெளிய அனுப்புன ஆளுதான நீங்க. போட்டு விடுங்க தம்பி."

ஆவுடை உட்கார்ந்தான். இத்தனை வருடமும் அவன் இதற்கு மறுப்புச் சொன்னதில்லை.

"நல்லா கேட்டுக்கிடுங்க," என்றான் ஜெரால்டு. "இது ஒரு தடவ தாங்கும். ரெண்டாவதுக்குத் தாங்காது. புதுசா எழுதவும் சில்லுல எடம் இல்ல. பாத்தது கொஞ்ச நேரத்துல நழுவிரும். ஓடும்போதே நகல் கேக்கும். வலப்பக்கம் பாத்துருங்க. உங்க கண்ணுக்குத்தான் அது கேக்கும், நான் செய்ய முடியாது."

"சரி, சரி."

முகில் வந்தான். கட்டங்கள் இல்லை, மங்கல் இல்லை. மேலுதட்டில் காய்ந்த பால்கூடத் தெரிந்தது. "யம்மா, இங்க பாரேன், எம்புட்டு ஒயரம் குதிக்கேன்னு." இரவு வேலை முடிந்து படுத்திருந்த ஒருத்தியின் குரல் கேட்டது. "ஒழிஞ்சு போ சனியனே. நடைபாதைல போய்க் குதி." ஒரு கை நீண்டு கதவின் பூட்டைத் திறந்தது. அந்தக் கையில் வடிவின் வளையல் இருந்தது.

வாசலில் முகில் திரும்பிப் பார்த்தான். உதடு பிதுங்கியது. அந்த முகத்தின் மேல், சரியாக அந்த முகத்தின் மேல், ஒரு கேள்வி எழும்பி மறைத்தது.

வடிவுக்கு மகனைப் பார்க்க வேண்டியிருந்தது. கண்கள் இடப்பக்கம் ஓடித் திரும்பின.

கேள்வி விலகியது. பிள்ளையின் முகம் ஒரு நொடி இருந்தது. பிறகு கட்டங்கள்.

"போச்சு," என்றான் ஜெரால்டு, கம்பியை உருவியபடி. "ஒருத்தர் விடாம இதத்தான் பண்ணுதீங்க. அடுத்து யாரு?"

வடிவு ஆவுடையின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நானா? நானாங்க அனுப்புனேன்? ஏன் சொல்லல?" அவன் அவள் தலையைத் தடவிக் கொடுத்தான். அழுகை மெல்ல மெல்லக் குறைந்தது. எதற்காக அழுகிறோம் என்ற யோசனை அவள் முகத்தில் வந்தது. அப்புறம் கையை விடுவித்துக்கொண்டாள்.

மாலைச் சங்குக்கு முன் இருவரும் மின்தூக்கியில் மேலே போனார்கள். ஆளுக்கொரு மூலை.

"எதுக்குக் கீழ வந்தோம்?"

"சில்லு பாக்க."

"கெடச்சானா?"

"இல்ல."

"எப்படிக் கெடைப்பான்? கதவத் தெறந்து அனுப்புனது நீங்கதான."

ஆவுடை தன் சில்லில் மகனைப் பார்த்துக்கொண்டிருந்தான். பூமி, செவ்வாய் இரண்டிலும் சேர்த்து அந்த முகம் மிஞ்சியிருந்த ஒரே இடம் இப்போது அவன் மண்டைதான்.

சங்கு ஊதியது. முகிலின் முகத்துக்குக் குறுக்கே கேள்வி எழும்பியது. மின்தூக்கியில் நின்ற எல்லோருடைய கண்களோடும் சேர்ந்து ஆவுடையின் கண்களும் இடப்பக்கம் ஓடித் திரும்பின.