தண்ணீரில் பேசுகிறவள்

சாயங்காலம் ஏரியில் சேற்றுக்குள் கைவிட்டு இறால் தடவிப் பிடித்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி மட்டும் பேசிக்கொண்டிருந்தாள்.

அதில் ஏதோ சரியில்லை என்று லோகநாதனுக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் அன்றைக்கே பெட்டியைக் கட்டியிருப்பார். பின்வாசல் படியில் உட்கார்ந்து, கழுத்துவரை தண்ணீரில் அமிழ்ந்து வரிசையாக நகரும் தலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். சூரியன் இறங்கிவிட்டிருந்தது. தண்ணீர் தேய்க்காத ஈயப் பாத்திரம்போல மங்கிக் கிடக்க, சேற்றின் வாடையும் கருவாட்டின் வாடையும் காற்றில் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வந்தன. அவற்றுக்கு நடுவே தாழ்ந்த, அவசரமில்லாத ஒரு பெண் குரல். எந்தத் தலையிலிருந்து வருகிறது என்று சொல்ல முடியவில்லை. தண்ணீரின் மேல் வழுக்கிக்கொண்டு நேராக அவர் காலடிக்கு வந்து சேர்ந்தது.

"மூழ்கியவர்களுக்கு முதலில் மறந்துபோவது தாகம்" என்றது.

லோகநாதனுக்குக் கை ரோமம் குத்திட்டு நின்றது. பயத்தால் அல்ல, பொறாமையால்.

பாவம், அவருக்கு அப்படி ஒரு வரி வாய்த்ததே இல்லை. பொன்னேரியில் பத்திரப்பதிவு அலுவலகத்தில் தலை நரைக்கும்வரை பத்திரங்களோடு வாழ்ந்தவர். ஓய்வு பெற்றதும் ஆழிவாணன் என்று பெயர் சூட்டிக்கொண்டு இரண்டு கதைத் தொகுப்புகள் கொண்டுவந்தார். அவற்றில் காதலர்கள் மேற்படி நிலவின் கீழ் சந்தித்து, நான்கு எல்லையும் சொல்லிவிட்டுப் பிரிந்தார்கள். புத்தகங்கள் வீணாகவில்லை. மனைவி ஜமுனாவின் தையல் கடையில் மெஷின் ஆடாமல் இருக்க ஒவ்வொரு காலுக்கும் அடியில் ஒன்று இருந்தது.

பிறகு கைபேசியில் எழுத்து வகுப்பு எடுத்த ஒரு தாடிக்காரர், "ஒவ்வொரு படைப்பாளிக்கும் தனக்கென்று ஓர் ஊக்கதேவதை உண்டு. அவள் வீட்டில் கிடைக்க மாட்டாள், தேடிப் போங்கள்" என்று சொல்லிவிட்டார். லோகநாதன் அதை ஜமுனாவிடம் அறிவித்தபோது அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

"போய்ட்டு வாங்க. கெடைச்சான்னா கேளுங்க, அவளுக்குக் காஜா எடுக்கத் தெரியுமான்னு."

இப்படித்தான் அவர் பழவேற்காட்டிலிருந்து படகில் மட்டுமே போகக்கூடிய இந்தக் குப்பத்துக்கு வந்து, ஏரியைப் பார்த்த கடைசி வீட்டில் குடியேறினார். காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு வேலைக்குப் போய் அந்தப் பக்கமே தங்கிவிட்ட தன் மகனின் வீட்டை, இறால் தடவும் பெண்களில் ஒருத்தியான குப்பம்மா இவருக்கு வாடகைக்கு விட்டிருந்தாள்.

குப்பம்மா கரையேறி, பிடித்ததைப் போடும் பனையோலைப் பறியை மண்ணில் கவிழ்த்து நண்டைத் தனியே பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தபோது லோகநாதன் போய் நின்றார்.

"உங்க கூட்டத்துல ஒருத்தங்க அபாரமா பேசுறாங்களே குப்பம்மா, யாரு அவங்க?"

அவள் கை நின்றது. "தண்ணியிலயா?"

"ஆமா, இப்பத்தான்."

குப்பம்மா பறியின் கயிற்றைத் தூக்கிக் காட்டினாள். அதில் பல் தடம் வரிசையாகப் பதிந்திருந்தது. "ரெண்டு கையும் சேத்துல கீது. பறி பல்லுல கீது. அப்புறம் எந்த வாயால சார் பேசுவோம்? கரையேறுற வரிக்கும் எங்களுக்குப் பேச்சே கெடையாது." குரலைத் தாழ்த்தினாள். "தண்ணியில எது பேசுதோ அது எங்க ஆளு இல்ல. காதுல வுழுந்தாலும் நாங்க திரும்ப மாட்டோம். நீயும் பதில் குடுக்காத. பேரு கேக்கும், குடுத்துடாத. உன் பேரும் வாணாம், உன் வூட்டு ஆளுங்க பேரும் வாணாம்."

"யாருன்னு தெரியுமா உங்களுக்கு?"

"எங்களுக்கு எப்டி சார் தெரியும்? அதுகிட்ட பேசுனதே இல்லயே." நண்டை மறுபடி பொறுக்கத் தொடங்கினாள். "காத்து திரும்பிச்சு. புயல்னு சொல்றாங்க. நாளிக்கு செங்கல்வராயன் படகு போவுது. ஏறி வூட்டுக்குப் போய்ச் சேரு."

"அது என்னோட ஊக்கதேவதைன்னு நினைக்கிறேன், குப்பம்மா."

"இன்னா தேவதையோ. எங்க ஊர்ல அதுக்கு யாரும் கோயில் கட்டல."

அருமையான நாட்டார் நம்பிக்கை என்று லோகநாதன் மகிழ்ந்தார். செங்கல்வராயன் படகு அவர் இல்லாமல் போனது.

மறுநாள் வானம் கறுத்ததால் யாரும் தண்ணீரில் இறங்கவில்லை. வெறும் ஏரி. குரல் மட்டும் வந்தது, இந்த முறை இன்னும் பக்கத்தில், பின்வாசலின் கடைசிப் படியருகே, தண்ணீர் பாசியை நக்கும் சத்தத்துக்குச் சற்றுக் கீழே. கரை தெரியாமல் போன ஒருவன் கதையைச் சொன்னது. வலையில் தன் தலைமுடியையே பிடித்தவள் கதையைச் சொன்னது. ஒரு எழுத்துகூட உதிராத, அச்சில் வார்த்த தமிழ். உயிருள்ள எவரும் அப்படிப் பேசுவதில்லை. மேடைப் பேச்சாளர்களுக்குக்கூட மூன்றாவது வாக்கியத்தில் நாக்கு வழுக்கிவிடும். லோகநாதன் அதைத் தரம் என்று எடுத்துக்கொண்டார். மடியில் அட்டை வைத்து எழுதினார், எழுதினார், விரல் மரத்துப்போகும்வரை எழுதினார். படித்துப் பார்த்தபோது கண் கலங்கியது. தன் எழுத்துக்குத் தானே அழுவது அவருக்குப் புதிதல்ல. ஆனால் இந்த முறை காரணம் இருந்தது.

மூன்றாவது கதை பாதியில் நின்றது.

"இதற்கு ஒருத்தி வேண்டும்" என்றது குரல். "பெயர் சொல்."

குப்பம்மா சொன்னது நினைவில் இருந்தது. அதனால் லோகநாதன் சாமர்த்தியம் காட்டினார். "பூங்குழல்" என்றார். கற்பனைப் பெயர்தானே.

"அவள் காலி."

"அமுதவல்லி."

"அவளும் காலி. உள்ளே ஆள் இருக்கிற பெயராகச் சொல்."

தண்ணீர் படியை நக்கிக்கொண்டிருந்தது. குரல் காத்திருந்தது. காத்திருப்பு நீண்டது. அது போய்விடும் என்ற எண்ணம் வந்ததும் லோகநாதன் ஒரு படி கீழே இறங்கி உட்கார்ந்தார். மறுபடியும் மேற்படி நிலவு. மறுபடியும் மெஷின் கால். ஒரு கதாபாத்திரத்துக்குப் பெயர் வைப்பதில் என்ன வந்துவிடப்போகிறது? உலகமே வீட்டுக்காரிகளின் பெயரை எழுதிக் குவித்திருக்கிறது.

"ஜமுனா" என்றார்.

தண்ணீரின் சத்தம் நின்றது. ஏரி முழுவதும், கண்ணுக்கு எட்டிய தூரம்வரை, ஒரு கணம் நின்றது.

"நாளை வருவாள்" என்றது குரல்.

மறுநாள் மதியமே இருட்டிவிட்டது. மழை கூரைத் தகரத்தில் அறைந்தது. மின்சாரம் போனது. குப்பத்து ஜனங்கள் பாத்திரமும் ஆடுமாகப் பள்ளிக்கூடக் கட்டிடத்துக்குக் கிளம்பினார்கள். குப்பம்மா வந்து கதவை உடைப்பதுபோலத் தட்டினாள்.

"வா சார், தண்ணி ஏறுது! காயிதத்தை அப்புறம் எழுதிக்கலாம்!"

"நீங்க முன்னால போங்க, நான் வந்துடறேன்."

"பேரு எதனா குடுத்தியா?"

லோகநாதன் பேனாவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். பிறகு அவள் காலடி தண்ணீரில் சளக் சளக்கென்று வேகமாக விலகிப் போனது.

கைபேசியில் சார்ஜ் தீரும் தருவாயில் ஜமுனா அழைத்தாள்.

"டிவியில புயல்னு செவப்பா ஓடினே கீது. இன்னா பண்றீங்க அங்க?"

"ஜமுனா, நான் ஒரு உச்சத்துல இருக்கேன். கலைக்காத."

"உச்சத்துல தண்ணி ஏறாதா? நான் பழவேற்காட்டுக்கே வந்துட்டேன். செங்கல்வராயன் அண்ணன் கடைசி நடை வர்றாரு, நானும் ஏறிட்டேன். கரை தெரியலயாம். அங்க கல்லுங்க கீதாமே. ஏரிப் பக்கத்து ஜன்னல்ல டார்ச்சைக் காட்டிக்கினு இருங்க, அதைப் பார்த்து ஓட்டுறாராம். கேக்குதா? டார்ச்சு—"

கைபேசி அணைந்தது.

அப்போதுதான் லோகநாதனுக்கு முதல்முறையாக, முழுதாகப் பயம் வந்தது. முன்வாசல் கதவுக்கு ஓடினார். தாழ்ப்பாள் விலகியது, கதவு விலகவில்லை. ஈரத்தில் மரம் ஊதி நிலையோடு இறுகிவிட்டது. தோளால் இடித்தார். காலால் உதைத்தார். பின்வாசல் கதவின் கீழிருந்து ஏரி நாக்கை நீட்டிக்கொண்டு உள்ளே வந்து, தரையில் பரவி, கட்டில் காலைச் சுற்றியது. ஜன்னலில் கம்பிகள். கூரையில் மழை. சுவர்களுக்கு வெளியே எல்லாப் பக்கமும் தண்ணீர், உள்ளே கணுக்கால்வரை தண்ணீர். நடுவில் அவர்.

கட்டில்மேல் ஏறினார். அட்டையும் பேனாவும், எரிந்துகொண்டிருந்த டார்ச்சும் அங்கேதான் கிடந்தன.

"ஜமுனா படகில் ஏறினாள்" என்றது குரல்.

கட்டிலுக்கு அடியிலிருந்து.

டார்ச்சை அணைத்திருக்கலாம். காதைப் பொத்தியிருக்கலாம். ஜன்னலுக்குப் போயிருக்கலாம், நாலடிதான். லோகநாதன் டார்ச்சைக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கி, வெளிச்சம் தாளில் விழும்படி சாய்த்துக்கொண்டு, அந்த வரியை எழுதினார். முதல் வரி மட்டும், பிறகு நிறுத்திவிடலாம் என்று.

"முழங்காலில் பையை வைத்து இரு கையாலும் அணைத்திருந்தாள். அதில் அவனுக்குக் காய்ந்த துணி இருந்தது."

எழுதினார். என்ன வரி!

தூரத்தில் எஞ்சின் சத்தம் கேட்டது. மழைக்குள் விட்டுவிட்டு, இருமலைப்போல. நெருங்கியது. கல் இருக்கும் பக்கமாக நெருங்கியது.

"இன்னாங்க!" ஜமுனாவின் குரல். உயிருள்ள, தொண்டை கட்டிய, கோபமான குரல். "வெளிச்சம் காட்டுங்க! ஒண்ணும் தெரியல!"

"தங்கச்சி, எழுந்துக்காத, ஒக்காரு!" செங்கல்வராயன் கத்தினான்.

"இன்னாங்க! டார்ச்சு!"

"அவள் எழுந்து நின்றாள்" என்றது கட்டிலுக்கு அடியில் இருந்தது. "வெளிச்சத்தைத் தேடினாள். அப்போது தண்ணீர்"

நின்றது.

லோகநாதனுக்குப் புரிந்தது. அவர் பேனாவுக்காகத்தான் அது நின்றிருக்கிறது. மிச்சத்தை அவர் வாங்கிக்கொள்ளாதவரை அந்தத் தண்ணீர் எதையும் செய்யாது. நாலடியில் ஜன்னல். டார்ச்சைத் திருப்பினால் போதும். படகு கல்லை விட்டு விலகும், ஜமுனா உள்ளே வந்து நாலு வார்த்தை திட்டுவாள், தலை துவட்டுவாள். அவ்வளவுதான். ஆனால் அந்த வாக்கியம் எப்படி முடிகிறது என்று அவருக்கு ஆயுசுக்கும் தெரியாமல் போகும்.

அப்போது தண்ணீர். அப்போது தண்ணீர், என்ன?

"ஒரு நிமிஷம்மா!" என்று ஜன்னல் பக்கமாகக் கத்தினார். "இந்த ஒரு வரி மட்டும்!"

பேனாவைத் தாளில் வைத்தார்.

குரல் சொன்னது.

எழுதினார்.

எஞ்சின் நின்றது.

மழை மட்டும். லோகநாதன் அந்த வரியை மெல்லப் படித்தார். இன்னொரு முறை படித்தார். பிறகு டார்ச்சைத் தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கி ஜன்னலுக்குப் போனார். வெளிச்சம் ஏரிமேல் விழுந்தது. மேடுபள்ளம் இல்லாத தண்ணீர். மழைப் புள்ளிகள். வேறு ஒன்றுமில்லை.

"ஜமுனா?"

ஒன்றுமில்லை.

"ஜமுனா, இதோ பார், வெளிச்சம்!"

பின்னால் கதவு திறந்தது. இவ்வளவு நேரம் அசையாத கதவு, பழகிய கை தள்ளியதைப்போல, சத்தமில்லாமல் திறந்தது.

ஜமுனா வந்தாள். புடவை உடம்போடு ஒட்டியிருந்தது. பையை இரு கையாலும் அணைத்திருந்தாள். கோபமில்லை. அவரைப் பார்க்கவும் இல்லை. தண்ணீருக்குள் நேராக நடந்துவந்து, கட்டிலுக்கு எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"வந்துட்டியா" என்றபடி லோகநாதன் கட்டிலில் அவளுக்கு முன்னால் போய் உட்கார்ந்தார். "வந்துட்டியாம்மா. பயந்தே போயிட்டேன். அண்ணன் எங்க? எதாவது பேசேன். திட்டேன்."

ஜமுனா வாயைத் திறந்தாள்.

முதலில் தண்ணீர் வந்தது. நிறைய. மோவாயில் வழிந்து, மார்பில் வழிந்து, பையில் வழிந்தது. நிற்கும்வரை அவள் பொறுமையாகக் காத்திருந்தாள். பிறகு பேசினாள்.

"இரண்டாம் பகுதி" என்றாள், ஒரு எழுத்துகூட உதிராமல். "எழுதிக்கொள்."

"ஜமுனா, வேணாம். வேணாம்மா."

"கரையில் இருந்தவனுக்கு அவள் கடைசியாகக் கூப்பிட்டது கேட்டது."

லோகநாதன் கதவைப் பார்த்தார். திறந்துதான் கிடந்தது. வாசலுக்கு வெளியே இருட்டில் ஏரி நிலைப்படி உயரத்துக்கு நின்றது, உள்ளே பார்த்தபடி. கால்களை நகரச் சொன்னார். நகரவில்லை. கைதான் நகர்ந்தது. அட்டையை எடுத்தது. புதுத் தாளை மேலே வைத்தது.

அவள் சொல்லிக்கொண்டே போனாள். மூச்சு வாங்கவில்லை. வாக்கியத்துக்கும் வாக்கியத்துக்கும் நடுவே வாயோரத்தில் ஏரித் தண்ணீர் கொஞ்சம் கொப்பளித்தது. அதோடு நகத்தளவு இறால் குஞ்சு ஒன்று உதட்டைத் தாண்டி வந்து, தாளின் மேல் விழுந்து, ஈர மையில் துடித்தது.

அடுத்த சொல் அதன் அடியில் வரவேண்டியிருந்தது. லோகநாதன் சுண்டுவிரலால் அதை ஓரமாக ஒதுக்கிவிட்டு எழுதினார்.